ஆட்டம் முடியட்டும்

என்னுடைய தொழிலை எங்கள் ஆட்களில் ஒருவருக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அவருடைய தேத்தண்ணி ஆறிவிடும். ஐஸ் ஹொக்கி விளையாடினேன், சம்பளத்துக்கு. ரீவியில் காட்டுகிற பெரிய லீக்கில் இல்லை. அதற்குக் கீழே ஒரு லீக் இருக்கிறது, அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது. அந்தக் கீழுக்கும் கீழேதான் என் இருபதுகள் முழுவதும் போயின. சின்னச் சின்ன அமெரிக்கப் பட்டினங்கள், பழைய அரங்குகள், எண்ணெய் மணம், ஊர்க் கடைகளின் விளம்பரம் ஒட்டிய பலகைச் சுவர். அந்தச் சுவரில் என் முகத்தை எத்தனை பேர் தேய்த்திருப்பார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் பின்வரிசைக்காரன். கோல் அடிப்பது என் வேலை இல்லை. அடிக்க வருகிறவனை மறிப்பது, அவனைச் சுவரோடு சேர்த்து அமத்துவது, அதற்கும் மிஞ்சி அவன் அடித்துவிட்டால் பக்குக்கு முன்னால் போய் விழுவது. பக் என்பது கறுப்பு ரப்பர் வட்டு. உறையவைத்துத்தான் ஆட்டத்துக்குக் கொண்டுவருவார்கள், கல்லுத்தான். அதற்கு முன்னால் தானாகப் போய் விழுகிற ஒருவனுக்கு அம்மா ஒரு பெயர் வைத்திருந்தார், விசரன் என்று. எனக்கு அதில் மறுப்பு இல்லை.

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அரங்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் இலவசமாக சறுக்கப் பழக்கினார்கள், நானும் போனேன். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள், எனக்கு விட முடியவில்லை. அப்பா பேக்கரி ஒன்றில் வேலை செய்தார். வேலை முடிந்து மாப்படிந்த உடுப்போடு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். உள்ளே வரமாட்டார். கார் நிறுத்துமிடத்தில் ஹீற்றரைப் போட்டுவிட்டு நித்திரை கொள்வார். "உள்ளுக்குக் குளிரடா, வெளியிலையும் குளிர், பேந்தென்னத்துக்குக் காசு குடுத்துக் குளிருக்கை இருக்கோணும்?" என்பார். நான் விழுந்து முழங்கை வீங்கி வந்தால் மட்டும், "ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டுவினம். நீ ஆனையுமில்லை, சறுக்கத்தான் அங்கை போறாய்" என்று சிரிப்பார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் செய்வதை அவர் ஒருநாளும் வேலை என்று சொன்னதில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் ஆராவது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், "மூத்தவ லோங்கெயில கணக்காளரா இருக்கிறா" என்று நிமிர்ந்து சொல்வார். பிறகு குரலை இறக்கி, "இவன் விளையாடித் திரியிறான்" என்பார். நான் பக்கத்தில் பொங்கல் தொன்னையோடு நிற்பேன். நான் எலும்பு முறிந்த விரலைக் கட்டிக்கொண்டு ஆடியவன். இரண்டு பல்லை அந்தச் சுவர்களுக்குக் கொடுத்தவன். திரிகிறேனாம்.

அம்மாவின் கவலை வேறு. அவருக்கு என் கலியாணம். "மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள், "ஹொக்கி" என்று அம்மா சொல்வார், "அதுசரி, என்ன வேலை செய்யிறார்?" என்று திரும்பக் கேட்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை அம்மா என்னிடம் கேட்காமலே "விளையாட்டுத்துறை நிர்வாகம்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டார் மகிழ்ந்து படம் கேட்டார்கள். படத்தில் நான் வாயைத் திறந்து சிரித்திருந்தேன். பல் இல்லாத நிர்வாகியை அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அங்கே இருந்தபோது சிரிப்பு வரவில்லை. இலையுதிர் காலத்தில் போனால் வசந்தத்தில்தான் வீடு. அந்த மாதங்கள் முழுவதும் முகத்துக்கு முகம் பார்த்துத் தமிழ் பேச ஒரு சீவன் கிடையாது. பஸ்ஸில் பின்னால் சீட்டு விளையாடுவார்கள், நான் யன்னலோரம் இருப்பேன். கூட விளையாடுகிறவர்கள் நல்ல பையன்கள்தான், ஆனால் ஒருவன் நன்றாக ஆடினால் மேல் லீக்குக்குப் போய்விடுவான், ஆடாவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவான். காலையில் பக்கத்தில் சப்பாத்துக் கயிறு கட்டினவனுடைய கதிரையில் பின்னேரம் வேறொருவன் இருப்பான். இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு நான் ஆட்களோடு ஒட்டுவதை நிறுத்திக்கொண்டேன். ஐஸில் மட்டும் தமிழ் பேசினேன். எதிராளியைச் சுவரில் அமத்தும்போது வாயில் வருகிற தூஷணம் எல்லாம் சுத்த யாழ்ப்பாணம். நடுவருக்கு விளங்காது, தண்டனையும் இல்லை. என் தாய்மொழி எனக்கு உதவின இடம் அது ஒன்றுதான்.

வாடகை அறையில் சோற்றுக் குக்கர் ஒன்று வைத்திருந்தேன். சோறு, ரின்னில் அடைத்த மீன், அம்மா கட்டித்தந்த மிளகாய்த்தூள். சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுப்பேன். அப்பா ரெலிபோனை எப்படிப் பிடித்தாலும் எனக்கு வீட்டுக் கூரைதான் தெரியும். கூரையைப் பார்த்துக்கொண்டு அவரோடு கதைத்துப் பழகிவிட்டேன். "சாப்பிட்டியோ? காலுக்கு எண்ணெய் பூசினனியோ? அங்கை ஸ்நோவோ?" இவ்வளவுதான் கேட்பார். வென்றாயா தோற்றாயா என்று கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. அழைப்பு முடிந்த பிறகு அறை சத்தமில்லாமல் கிடக்கும். அந்த நேரங்களில் நான் அழுதிருக்கிறேன், அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கடைசி வருடம் மொன்றியலுக்குக் கிட்டவாக, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டினத்தில் இடம் கிடைத்தது. காரில் ஒரு பின்னேரத்துத் தூரம். முழங்கால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருடம் என்னை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் அணி இறுதிச் சுற்றுவரை போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம், நெஞ்சில் தண்ணீர் கட்டுகிறது என்று ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் போய்ச் சேர முன்னர் அப்பா போய்விடக்கூடாது, அவ்வளவுதான். கிண்ணமும் மயிரும். ஒவ்வொரு நாளும் அம்மாவைக் கேட்டேன், வரட்டுமா என்று. ஒவ்வொரு நாளும் அவர் வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை காலை நானே பயிற்சியாளரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடக்கப்போகிற கடைசி ஆட்டத்துக்கு நான் இல்லாமல் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுசன். "உன் அப்பா, உன் முடிவு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் உடுப்புப் பையைக் காரில் ஏற்றிவைத்துவிட்டு அம்மாவுக்கு எடுத்தேன். நெடுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார். குரல் அடைத்துக் கிடந்தது.

"என்னம்மா குரல்?"

"தடிமன். இஞ்சை எல்லாருக்கும் தடிமன்."

"நான் இப்ப வெளிக்கிடுறன்."

"எங்கை?"

"அங்கைதான். அப்பாவைப் பாக்க."

"சும்மா இரு. ஏன் அந்தரப்படுறாய்? கொப்பர் சுகமா இருக்கிறார். காலமை கஞ்சி குடிச்சவர்."

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ."

"உண்மைதான் அப்பு. நாளைக்கு விளையாட்டை முடிச்சிட்டு ஆறுதலா வா. அவசரப்பட்டுக் காரை ஓடாதை."

"அப்பாவிட்டைக் குடுங்கோ."

"நான் வீட்டையடா இருக்கிறன். அவர் அங்கை நல்ல நித்திரை. எழுப்பக்கூடாது எண்டு சொன்னவை."

பின்னால் கதிரை இழுபடுகிற சத்தமும் பல பேருடைய குரலும் கேட்டன. யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆக்கள் சுகம் விசாரிக்க வந்திருக்கினம், தேத்தண்ணி ஊத்தப்போறன் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் நம்பினேன். அம்மாவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பையைத் திரும்ப இறக்கி உள்ளே கொண்டுபோனேன்.

ஞாயிறு ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. முதலில் அடிக்கிறவர்களுக்கே கிண்ணம். அப்பா நித்திரையால் எழும்பியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டே நான் ஐஸில் இறங்கினேன், இறங்கின பிறகு நினைக்கவில்லை. அவர்களுடைய ஆள் ஒருவன் தூரத்திலிருந்து மட்டையை ஓங்கினான். நான் வழக்கம்போல முன்னால் போய் விழுந்தேன். அந்தப் பக் நேரே போயிருந்தால் எங்கள் கோல் காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பார். அது என் முழங்கால் காப்பில் பட்டு, திசை மாறி, அவருடைய மற்றப் பக்கத்தால் உள்ளே போனது. நான் படுத்தபடியே அதைப் பார்த்தேன்.

உடுப்பு மாற்றும் அறையில் எல்லோரும் வந்து என் தோளில் தட்டினார்கள், ஒருவரும் கண்ணைப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் கை தந்து, நீ எங்களோடு இருந்தது சந்தோஷம் என்றார். இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் ரெலிபோனுக்கு அடித்தேன். எடுத்தது அக்கா.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது. நான் வெளிக்கிடுறன். நேரா ஆஸ்பத்திரிக்கு வாறன்."

அக்கா, "அங்கை போகாதை தம்பி. முதல் வீட்டை வா. மெதுவா ஓடிக்கொண்டு வா" என்றார்.

எங்கள் ஆட்கள் மெதுவா ஓடிக்கொண்டு வா என்று சொன்னால், அவசரப்பட இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் ஏன் என்று கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அந்த ஓட்டம் எப்படி ஓடினேன் என்று தெரியாது. தெருவோரங்களில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது, வெயில் இருந்தது. காரில் பேச ஒருவரும் இல்லை. எத்தனையோ வருடம் தனியே இருந்து பழகினவன் நான், அந்தப் பழக்கம் ஒரு மண்ணுக்கும் உதவவில்லை. எல்லையில் இருந்த அதிகாரி பின் இருக்கையில் கிடந்த பையையும் மட்டைகளையும் பார்த்துவிட்டு, வென்றீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த முறை பார்ப்போம் என்று கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார்.

வீட்டு வெளிப்படிகளில் மேலிருந்து கீழ்வரை சப்பாத்துகள் கிடந்தன. பிறந்தநாளுக்கும் எங்கள் வீட்டில் சப்பாத்துக் கிடக்கும்தான், ஆனால் அன்றைக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் இருந்தவர்கள் எழும்பி வழி விட்டார்கள். அம்மா பெண்களுக்கு நடுவில் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும், "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

"எப்ப?" என்றேன்.

"நேற்றுக் காலமை."

நேற்றுக் காலை. நான் மத்தியானம் எடுத்தபோது இந்த மனுசி புருசனைப் பறிகொடுத்து அரை நாள்கூட ஆகவில்லை. அந்த வாயால்தான் கஞ்சி குடித்தவர் என்று சொன்னார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. சாவு வீடு, ஊர்ச் சனம் எல்லாம் இருக்கிறது என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? நான் கார்ச் சாவியோடை நிண்டனான். எனக்குச் சொல்லாமல் விட நீங்கள் ஆர்?"

அம்மா சத்தம் போடவில்லை. "கொப்பர் சொன்னவர்" என்றார்.

"என்ன சொன்னவர்?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம் டொக்டர் வந்து கதைச்சிட்டுப் போனவர். நான் உடனை உனக்கு எடுக்கத்தான் போனன். கையைப் பிடிச்சிட்டார். 'அவனைக் குழப்பாதை, நாளையிண்டைக்கு அவனுக்குச் சோதினை. முடியட்டும், பேந்து சொல்லு' எண்டவர்."

"சோதினை எண்டோ சொன்னவர்?"

"ஓம். சோதினை எண்டுதான்."

எங்கள் ஆட்களை அறியாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? சோதினை எழுதுகிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். வீடு எரிந்தாலும் சொல்லமாட்டார்கள். அக்கா பல்கலைக்கழகச் சோதினை எழுதிக்கொண்டிருந்த கிழமையில் ஊரில் பெரியப்பா மோசம் போனார், அக்காவைத் தன் மடியில் வளர்த்த பெரியப்பா. கடைசித் தாளை எழுதிவிட்டு வந்து, கொத்துரொட்டியும் சாப்பிட்ட பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை அழுத அழுகை இப்போதும் எனக்குக் கேட்கிறது, ஆனால் செய்தது பிழை என்று அவரே ஒருநாளும் சொன்னதில்லை. அது ஒரு மரியாதை. எனக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை, ஏனென்றால் நான் உருப்படியான ஒரு சோதினையும் எழுதியதில்லை. என்னிடம் எல்லாத்தையும் உடனுக்குடன் சொல்வார்கள். ஆர் செத்தது, ஆருக்கு வருத்தம், எல்லாம் பஸ்ஸில் போகும்போதே எனக்கு வந்துவிடும். விளையாடித் திரிகிறவனுக்கு எதை மறைக்க வேண்டும்?

இந்த முறை மறைத்தார்கள். ஊரே சேர்ந்து மறைத்தது. எங்கள் சனத்தில் ஒருவர் கண்ணை மூடினால், உடம்பு குளிர முதல் மரண அறிவித்தல் இணையத்தில் வந்துவிடும். அதை அக்கா நிறுத்தி வைத்திருந்தார். மாமிமார், கோயில் ஆட்கள், அப்பாவோடு வேலை செய்தவர்கள், ஒருவரும் ஒரு படம் போடவில்லை, எனக்கு ஒரு செய்தி அனுப்பவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். மொன்றியலில் அந்த ஊர்வாய், பையனுக்குச் சோதினை என்று சொன்னதும் பூட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மனுசர்கூட ஹொக்கிக்கு என்ன சோதினை என்று கேட்கவில்லையாம்.

நான் வெளியே வந்து படியில் சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம். அப்பா அந்தச் சொல்லைச் சொன்னார் என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. அதே நேரம் சுவரில் தலையை மோத வேண்டும் போலவும் இருந்தது. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். கடைசிவரை விளையாடித் திரிகிறவனாகவே இருந்திருப்பேன், அவருடைய கையைப் பிடிக்க ஒரு நிமிடம் விட்டிருந்தால். அந்த வீட்டில் எல்லோரும் கூடி அழுதார்கள், சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள், முதல் நாளே அழத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒரு நாள் பிந்தி, தனியே அழுதேன்.

இறுதிக்கிரியை அன்று காலையில் என் தாடியை மழித்தார்கள். இறுதிச் சுற்று நடக்கும்போது ஹொக்கிக்காரர் ஒருவரும் சவரம் செய்வதில்லை, அது ஒரு நம்பிக்கை. அந்தத் தாடியைப் பார்த்த ஐயர், "நேர்த்திக்கடனோ தம்பி?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன், விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை. மலர்ச்சாலையில் அப்பாவைக் கோட்டுச் சூட்டுப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசிப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த அப்பாவின் உடுப்பில் எப்போதும் மா இருக்கும். யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல்தான் நின்றேன்.

அந்த நாட்களில் ஆட்டம் என்ன மாதிரி என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை. பெட்டியை மூடப்போகிறோம், கிட்டின ஆட்கள் கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது, அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனார். அங்கே வைத்துத்தான் கேட்டார்.

"நீ வெண்டனியோ?"

அவர் எனக்காகக் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சொல்லக் கேட்டார். அம்மாவின் முகம் சாப்பிடாமல் வற்றிப்போயிருந்தது.

"ஓம் அம்மா" என்றேன். "வெண்டிட்டம்."

அம்மா பெட்டிக்குள் குனிந்து, அப்பாவின் காதுக்குக் கிட்ட வாயை வைத்தார். "இஞ்சாருங்கோ, பிள்ளை வெண்டிட்டான்" என்றார். "பாஸ் பண்ணிட்டான்."

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை, சாவு வீட்டின் பின்னறையில் இருந்து, அந்த ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முடிந்த உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக. பக் யாருடைய காலில் பட்டுப் போனது என்று அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைத் தோளில் பிடித்து நிமிர்த்தி, பின்னால் நிற்கிறவர்களுக்கு இடம் விட்டார்.